மொறிஸ் மைனர் பிக்கப்: பிறேக், டைனமோ, டயர். எதை முதலில் மாற்றுவது?

ஏழாலையான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பு வைத்திருந்த 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப்பை மறுபடி ஓட வைத்திருக்கிறோம். 1098 சிசி என்ஜின். வண்டியின் பொடி (உடம்பு) பரவாயில்லை, பின்பெட்டியின் தரையில்தான் கறள். காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லை. வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குப் போய்வர வேண்டும்.

பிறேக்கை இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்கிறது. விடியப்புறம் லாம்பு போட்டபடி சந்தியில் நின்றால் வெளிச்சம் மங்கி, டாஷ்போட்டில் உள்ள சிவப்புச் சார்ஜ் விளக்கு மினுங்குகிறது. டயர் நான்கும் வெடிப்பு விட்ட பழசு. தெரிந்த ஒருவர் முன்பக்கம் டிஸ்க் பிறேக், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பழைய டைனமோவுக்குப் பதில் ஒல்ரனேற்றர், அகலமான அலோய் றிம் மூன்றும் போடச் சொல்கிறார். கையில் உள்ள காசு எல்லாவற்றுக்கும் காணாது. எதிலிருந்து தொடங்க?

கராஜ் ஐயா:
தம்பி, அந்த மூன்றுக்கும் முதல் ட்ரனியனைப் பாருங்கோ. முன் சில்லைத் தாங்கிப் பிடிக்கும் புரி போட்ட துண்டு அது. கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால் ஒருநாள் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து விழும். மைனருக்குப் பேர்போன வருத்தம் இது.

ஜக் வைத்து முன் சில்லை நிலத்திலிருந்து எடுங்கோ. மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கோ. ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கோ. ஆட்டம் நின்றுவிட்டால் அது சில்லு பெயரிங். மிதித்த பிறகும் ஆடினால் ட்ரனியன் அல்லது கிங்பின் (முன் சில்லு இடம் வலம் திரும்பும் அச்சாணி) பக்கம்.

இரண்டாம் மிதியில் பெடல் உயர்ந்து இறுக்கமாக நின்றால் பிறேக் சூ (உரசிப் பிடிக்கும் கட்டை) ட்றம்மிலிருந்து, அதாவது சில்லோடு சுழலும் உருளையிலிருந்து, தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியைக் குறைக்க முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர், பின்னால் ஒவ்வொன்று. சில்லு பூட்டும் வரை திருகி, ஒரு பல் பின்னுக்கு விடுங்கோ. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று.

ஏழாலையான்:
நன்றி ஐயா. இடப்பக்கச் சில்லு பிறேக்கை மிதித்த பிறகும் ஆடுகிறது. சூவை அட்ஜஸ்ட் பண்ணியதும் பெடல் முதல் மிதியிலேயே பிடிக்கிறது. ஆனால் அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே போகிறது. வெளியில் எங்கும் ஒழுக்கு இல்லை.

கராஜ் ஐயா:
அப்படியென்றால் மாஸ்ரர் சிலிண்டர் உள்ளே சீல் போய்விட்டது. சாரதியின் காலடியில், சேஸிக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் டோர்ஷன் பார் (முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) சிலிண்டரைப் பூட்டிய ஆணியை வெளியே உருவ விடாது. அதனால் கூலி கூட வரும், இரண்டாம் தரம் கழற்ற வேண்டி வரக்கூடாது. சீல் மட்டும் மாற்றாமல் முழுச் சிலிண்டரையே மாற்றுங்கோ. நான்கு சில்லிலும் உள்ள ஆறு சிலிண்டரும் (முன்னால் இரண்டிரண்டு, பின்னால் ஒவ்வொன்று) றப்பர் ஹோசும் அதே வேலையில் முடியட்டும். உங்கள் வண்டியில் பிறேக் ஒரே சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை, மிஞ்சுவது கைப்பிறேக் ஒன்றுதான். அதன் கேபிளையும் விடாதீர்கள்.

1962க்குப் பிறகு வந்தவற்றில் முன் ட்றம் 8 அங்குலம். சந்தைக்குப் போகும் வேகத்துக்கு அது தாராளம். டிஸ்க்குக்கு வைத்த காசை இதில் போடுங்கோ.

வயரிங் தம்பி:
அண்ணை, என்ஜின் மெதுவாக ஓடும்போது சிவப்பு விளக்கு மினுங்குவது டைனமோவுக்கு இயல்பு. அந்த வேகத்தில் அது சார்ஜ் பண்ணாது. கொஞ்சம் முடுக்கியதும் அணைகிறதா? அணைந்தால் பெல்ட் இறுக்கத்தையும் பிரஷ்ஷையும் பார்த்துவிட்டு விடுங்கள்.

முடுக்கியும் அணையாவிட்டால் டைனமோவின் D, F வயர் இரண்டையும் கழற்றி, டைனமோவில் உள்ள D, F முனை இரண்டையும் ஒன்றாக இணைத்து, அதற்கும் பொடிக்கும் இடையில் வோல்ட் மீற்றர் பிடியுங்கள். மெல்ல முடுக்கும்போது முள் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டுக்கு மேல் விடாதீர்கள். ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு சார்ஜைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றரில்.

லூக்காஸ் சி40 டைனமோ 22 அம்பியர் தரும். இரண்டு ஹெட்லாம்புக்கு 8 அம்பியர் அளவில் போதும். ஒல்ரனேற்றர் போட்டால் பற்றரியின் பொசிற்றிவ் எர்த்தை (பொசிற்றிவ் முனை பொடியோடு இணைந்திருப்பது) நெகற்றிவ்வாக மாற்றவும் வேண்டும். இன்னொன்று, இப்போதுள்ள பொசிற்றிவ் எர்த்தில் போன் சார்ஜரின் உலோக உடம்பு பொடியில் முட்டினால் ஷோர்ட் ஆகிவிடும். கவனம்.

சந்தை லொறி:
டயருக்கு அசல் 14 அங்குல றிம்மே போதும், 155/80 போடுங்கள். அகல றிம் ஸ்ரியறிங்கைக் கனமாக்கும், ஏற்கெனவே ஆடும் ட்ரனியனுக்கும் பாரம் கூடும். வாங்குமுன் டயர் ஓரத்தில் உள்ள, எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் லோட் எண்ணைப் பாருங்கள். இந்தப் பிக்கப் முதலில் வந்தபோது ஏற்றும் பார அளவு 5 அந்தர் (சுமார் 250 கிலோ), அதாவது ஐம்பது கிலோ வெங்காய மூட்டை ஐந்து. அதற்கு மேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள்.

ஏழாலையான்:
முடுக்கியதும் விளக்கு அணைகிறது. டைனமோவைத் தொடவில்லை. ட்ரனியன், பிறேக், பிறகு டயர் என்று முடிவு. இடப்பக்கத்துக்கு மட்டும் ட்ரனியன் எடுத்தால் போதுமா?

கராஜ் ஐயா:
இரண்டு பக்கமும் எடுங்கோ தம்பி, கிங்பின்னோடு சேர்த்து. தேய்ந்த கிங்பின்னில் புது ட்ரனியன் நிற்காது. ஓடர் கொடுக்கும்போது இடமா வலமா என்று சொல்ல மறக்கக்கூடாது, புரி இரண்டுக்கும் வேறு. பூட்டிய பிறகு 1,600 கிலோமீற்றருக்கு ஒரு தரம் நிப்பிளில் கிறீஸ் அடியுங்கோ. அடிக்கும்போது சில்லு நிலத்தில் இருக்கக்கூடாது, ஜக்கில் தூக்கி வைத்து அடித்தால்தான் கிறீஸ் புரிக்குள் போகும்.