ஒரே டிப்ஸுக்கு இரண்டு கிரெடிட் உண்டா, இல்லையா?

கணக்குப்புலி:
அமெரிக்காவில் ரெஸ்டாரண்ட் நடத்தும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. கொரோனா காலத்தில் ஆட்களை வேலையில் வைத்திருந்ததற்காக டிப்ஸையும் சம்பளத்தில் சேர்த்து ஈஆர்சி என்ற வரிக் கிரெடிட் வாங்கியவர்கள், அதே டிப்ஸுக்கு முதலாளி கட்டும் ஃபைக்காவுக்காக (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி) படிவம் 8846 போட்டு வரிச்சட்டம் 45பி பிரிவின் கிரெடிட்டும் எடுத்திருந்தால் மாட்டினார்கள், உடனே ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கேட்டதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இரண்டையும் எடுக்கலாம் என்று 2021 ஆகஸ்டில் வரித்துறையான ஐஆர்எஸ்ஸே 2021-49 அறிவிப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஊரைப் பயமுறுத்துவதற்கு முன் ஒரு தடவை படித்துத் தொலைத்தால் என்ன?

வரிவாத்தியார்:
பதிவு என்னுடையதுதான். பெயர் சொல்லாமல் குத்துவது உங்கள் வழக்கம், போன வருஷம் எஸ் கார்ப் கம்பெனி விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். ஒரே சம்பளத்துக்கு இரண்டு சலுகை கிடையாது, இது வரிச்சட்டத்தின் அரிச்சுவடி. கொரோனா காலத்துப் பிபிபி கடன் தள்ளுபடிக்குக் காட்டிய சம்பளத்துக்கு ஈஆர்சி இல்லை. வேலை கிடைக்கச் சிரமப்படுபவர்களை எடுத்ததற்காக 51ஆம் பிரிவில் கிரெடிட் வாங்கிய சம்பளத்துக்கும் இல்லை. டிப்ஸ் மட்டும் வானத்திலிருந்து குதித்ததா? ஒரே டிப்ஸ், ஒரு கிரெடிட்.

கணக்குப்புலி:
அரிச்சுவடியை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு வாருங்கள். ஈஆர்சியோடு எதையெல்லாம் சேர்த்து எடுக்கக் கூடாது என்று பிரிவு எண் போட்டுப் பட்டியலே இருக்கிறது. 41, 45ஏ, 45எஸ், 51 எல்லாம் உண்டு. டிப்ஸுக்கான 45பி அதில் இல்லை. காங்கிரஸ் விட்டதை நீங்கள் சேர்த்து எழுதுவீர்களா?

வரிவாத்தியார்:
பட்டியலில் இல்லாததெல்லாம் அனுமதி என்றால் சட்டம் எதற்கு? ஈஆர்சி வாங்கியபோதே முதலாளி கட்டவேண்டிய ஃபைக்கா கழிந்துவிட்டது. கட்டாத வரிக்கு 45பி எப்படி வரும்? அதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.

டல்லாஸ்காரன்:
அண்ணே, இடையில் ஒரு சந்தேகம். நாங்கள் சர்வருக்கு மணிக்கு 2.13 டாலர்தான் கொடுக்கிறோம், மீதியை டிப்ஸ் ஈடுகட்டுகிறது. அந்த டிப் கிரெடிட்டும் இந்த 8846-உம் ஒன்றுதானே?

கணக்குப்புலி:
இல்லை. அது சம்பளச் சட்டம், இது வருமானவரி. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பாதிப்பேர் இங்கே பேசுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மாதம் 100 மணி நேரம், சம்பளம் 213 டாலர், சர்வர் காட்டிய டிப்ஸ் 1,000 டாலர். ரெஸ்டாரண்டுக்கு 2007 ஜனவரி 1-இல் இருந்த குறைந்தபட்சக் கூலியான 5.15-ஐத்தான் பார்க்க வேண்டும், இன்றைய 7.25-ஐ அல்ல. 515-இல் 213 போக 302. அந்தக் கூலியை ஈடுகட்டப் போகும் 302 டாலர் டிப்ஸுக்குக் கிரெடிட் இல்லை. மிச்சம் 698-க்கு 7.65 சதவீதம், 53 டாலர் 40 சென்ட். கலிஃபோர்னியா மாதிரி முழுக் கூலி கொடுத்தே ஆகவேண்டிய மாநிலத்தில் முழு 1,000-க்கும் கிடைக்கும். அப்புறம் வாத்தியாருக்கு: ஈஆர்சி என்பது வரியைக் கட்டும் வழி, வரியே உண்டாகவில்லை என்று அர்த்தமில்லை. 45பி வாசகம் கட்டியதோ உண்டானதோ என்று இரண்டையும் சொல்கிறது. 51 பட்டியலில் இருக்கிறது, 45பி இல்லை.

வரிவாத்தியார்:
53 டாலருக்கா இத்தனை பிரசங்கம்? ஒரே டிப்ஸ், ஒரு கிரெடிட்.

தட்டுதூக்கி:
நான் படித்துக்கொண்டே சர்வர் வேலை பார்த்தவள். எனக்கு ஒன்று புரியவில்லை. டிப்ஸ் கொடுத்தது வாடிக்கையாளர், ஓடி ஓடிச் சம்பாதித்தது நான். 2021-இல் அந்த டிப்ஸில் 70 சதவீதத்தை அரசாங்கம் முதலாளிக்குக் கொடுத்ததா? அவர் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லையே! அதற்கு மேல் இன்னொரு கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே இரண்டு பேர் அடித்துக்கொள்கிறீர்கள்.

டல்லாஸ்காரன்:
தங்கச்சி, ஒரு பைசா போகவில்லையா? உங்கள் டிப்ஸுக்கு 7.65 சதவீதம் ஃபைக்கா யார் கட்டினார்கள்? 2020-இல் உள்ளே உட்கார வைக்க விடாமல் பார்சல் மட்டும் கட்டிக்கொண்டு வாடகை கொடுத்தவனைக் கேளுங்கள்.

தட்டுதூக்கி:
கேட்கிறேன். பில்லில் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று போட்டுப் பாதியைக் கல்லாவிலேயே வைத்துக்கொண்ட முதலாளியிடம்தான் நான் வேலை பார்த்தேன். அவரும் வாடகை பற்றித்தான் பேசுவார்.

டல்லாஸ்காரன்:
எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள். என் கடையில் சர்வீஸ் சார்ஜே கிடையாது.

கணக்குப்புலி:
சர்வீஸ் சார்ஜ் டிப்ஸே அல்ல, 2012-18 வருவாய்த் தீர்ப்பில் வந்துவிட்டது. முதலாளி கட்டாயமாகப் போட்டால் அது கடை வருமானம், சர்வருக்குப் பங்கு கொடுத்தால் அது சம்பளம், 45பி கிடையாது. ஆனால் பேச்சு அதுவல்ல. ஈஆர்சி 2021-இல் காலாண்டுக்கு ஒருவருக்கு 10,000 டாலர் சம்பளம் வரை 70 சதவீதம். மாதம் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் வந்தால் அதுவும் ஃபைக்கா கட்டவேண்டிய சம்பளம், அதனால் ஈஆர்சிக்குள் வந்தது. எனக்கும் அது கொஞ்சம் தாராளமாகத்தான் படுகிறது, அதற்கு நான் என்ன செய்ய? சும்மாவும் விடவில்லை. ஈஆர்சி எவ்வளவோ அவ்வளவு சம்பளச் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும், 45பி எவ்வளவோ அவ்வளவு ஃபைக்காவைச் செலவில் எழுதக் கூடாது.

வரிவாத்தியார்:
பார்த்தீர்களா, செலவில் எழுதக் கூடாது என்று நீங்களே வழிக்கு வருகிறீர்கள்!

கணக்குப்புலி:
வழிக்கு வந்தேனா? செலவைக் குறைப்பது வேறு, கிரெடிட்டை மறுப்பது வேறு. இது தெரியாமல்தான் குரல்பதிவு போடுகிறீர்களா? 2021-49-ஐ ஒரு முறையாவது திறந்தீர்களா, ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள். இன்னொன்று, ஈஆர்சி காசாகவே திரும்பி வந்தது, 45பி அப்படி வராது. வருமானவரியே இல்லாத நஷ்டக் கடைக்கு அந்த வருஷம் அது காகிதம்தான், ஆனால் 20 வருஷம் முன்னுக்குக் கொண்டுபோகலாம். உங்கள் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் அதை எழுதாமல் விட்டார்களோ.

வரிவாத்தியார்:
அறிவிப்பு என்பது சட்டம் அல்ல. நாளைக்கு நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னால் இந்தக் குழுவா அபராதம் கட்டும்? என்னை நம்பி வருபவர்களை நான் ஆழம் தெரியாமல் காலை விட விடமாட்டேன்.

கணக்குப்புலி:
ஐஆர்எஸ் எழுதியதை நம்பக் கூடாது, உங்கள் குரல்பதிவை நம்ப வேண்டும். நல்லது.

எடிசன்மாமா:
சண்டை போதும், ஒரு கேள்வி. டிப்ஸுக்கு வரியே இல்லை என்று 2025 ஜூலையில் சட்டம் வந்துவிட்டதே, இனி 8846 எதற்கு? என் மருமகள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், அவளுக்கு ஏதாவது உண்டா?

கணக்குப்புலி:
மாமா, அது வேலை செய்பவருக்கு வருமானவரியில் 25,000 டாலர் வரை கழிவு, 2028 வரை. ஃபைக்கா அப்படியே இருக்கிறது, ஆகவே 8846-உம் இருக்கிறது. அதே சட்டத்தில் 45பி-யை முடிதிருத்தம், நகம், ஸ்பா தொழில்களுக்கும் நீட்டியிருக்கிறார்கள், 2025 கணக்கிலிருந்து மருமகள் எடுக்கலாம். ஆனால் அவளுக்கு 5.15 இல்லை, இன்றைய 7.25.

வரிவாத்தியார்:
தப்பு. 45பி என்றாலே 5.15தான், எல்லாருக்கும். மேலே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கணக்குப்புலி:
மேலே "ரெஸ்டாரண்டுக்கு" என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

வரிவாத்தியார்:
5.15.