3 அடி கடல்நீர்த் தொட்டிக்கு எல்இடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

திருநகர்_தொட்டி:
வணக்கம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. நடுவில் ஒரே எல்இடி, 90 டிகிரி லென்ஸ். கடையில் சொன்னபடி தண்ணீருக்கு மேல் 4 இன்ச்சில் மாட்டியிருக்கிறேன். நடுப் பாறை உச்சியில் இருக்கும் மஷ்ரூம் பவளம் சுருங்கி வெளுத்துக்கொண்டே வருகிறது, ஆனால் இரண்டு ஓரத்திலும் ஸோவா பவளம் கழுத்தை நீட்டிக்கொண்டு வெளிச்சம் தேடுகிறது. பவரைக் கூட்டினால் நடுவில் கெடுகிறது, குறைத்தால் ஓரம் கெடுகிறது. கான்கிரீட் கூரைதான், கொக்கி போட முடியும். என்ன செய்யலாம்?

வில்லாபுரம்_ரீஃப்:
தம்பி, பவரை விடுங்கள், முதலில் உயரத்தை மாற்றுங்கள். 90 டிகிரி லென்ஸ் என்றால் லைட் எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குத்தான் தண்ணீரின் மேல் வெளிச்சம் விழும். 4 இன்ச்சில் 8 இன்ச் வட்டம், உங்கள் தொட்டியோ 36 இன்ச். தண்ணீருக்குள் போனதும் ஒளி உள்பக்கமாக வளைந்துவிடும், அதனால் கீழே போகப்போக நன்றாக விரிந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

12 இன்ச்சுக்கு ஏற்றினால் மேலேயே 24 இன்ச் கிடைக்கும், நடுவில் அடிக்கும் சூடான புள்ளியும் தணியும். பவரை உடனே கூட்டாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டு, ஸோவா இன்னும் நீண்டால் மட்டும் வாரத்துக்கு 5 சதவீதம் கூட்டுங்கள். பவளத்துக்குள் வாழும் பாசி புது வெளிச்சத்துக்குப் பழக நாள் எடுக்கும், அவசரப்பட்டால் வெளுப்புதான் மிஞ்சும். மஷ்ரூமை எப்படியும் கீழே, பாறை நிழல் பக்கம் இறக்கிவிடுங்கள். அதற்கு 50 பார் (பவளப் பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவு) போதும், ஸோவாவுக்கு 75 முதல் 150 வரை. பார் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஒரு மாலை வாங்கி அளந்து பாருங்கள், ஊகத்தை விட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் லைட்டை நேர் நடுவில் வைக்காமல் கொஞ்சம் முன் கண்ணாடிப் பக்கம் தள்ளுங்கள். பாறை பின்னால் சாய்ந்திருக்கும், ஒளி பின்னாலிருந்து வந்தால் நாம் பார்க்கும் முகம் முழுக்க நிழலாகிவிடும்.

ஒத்தக்கடை_உப்பு:
மேலே சொன்னதோடு ஒன்று. மஷ்ரூம் வெளுத்தது வெளிச்சத்தால் மட்டும்தானா? மதியம் 3 மணிக்குத் தண்ணீர் வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். 26 டிகிரி பக்கம் இருக்க வேண்டும், 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளிச்சம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பவளம் வெளுக்கும். மதுரை வெயிலில் இதை விட முடியாது. லைட் 4 இன்ச்சில் இருந்தால் நீர்ப்பரப்பு மேல் ஃபேன் காற்று படாது, ஏற்றினால் இடம் கிடைக்கும். ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு கூடும், அதனால் தினமும் வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் விட்டு அளவைக் கொண்டுவாருங்கள். லைட் நேரத்தையும் மாலைக்குத் தள்ளிவிடலாம், 3 முதல் 11 வரை போதும். ஒயர் பிளக்குக்கு நேரே வராமல் கீழே தொங்கி ஏறட்டும், சொட்டும் உப்புத் தண்ணீர் ஒயர் வழியே பிளக்குக்குள் இறங்கக் கூடாது.

திருநகர்_தொட்டி:
ரொம்ப நன்றி அண்ணா. கம்பியில் தொங்கவிடுகிறேன். இன்னொரு லைட் வாங்கினால் எங்கே வைப்பது? உச்சியில் கடின பவளம் (கல் போன்ற கூடு கட்டும் வகை) வைக்கலாமா, ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கமிருந்து தருவதாக ஒருவர் சொன்னார்.

வில்லாபுரம்_ரீஃப்:
இரண்டு லைட் என்றால் இரு ஓரத்திலிருந்தும் 9 இன்ச் தள்ளி ஒவ்வொன்று. ஒரு லைட்டால் விழும் நிழலை மற்ற லைட் போக்கிவிடும், ஒரு பெரிய லைட்டை விட இதுதான் நல்லது. மண்டபம் பவளத்தைத் தொடவே வேண்டாம் தம்பி. கடின பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மிச்சமிருக்கும் பவளம் அங்கேயே வளரட்டும். ஸோவா சரியான வெளிச்சத்தில் தானாகவே பரவி அந்த உச்சியை மூடிவிடும், வாங்க வேண்டியதே இல்லை.