மரவாயு பாய்லருக்கு வெந்நீர்த் தேக்கத் தொட்டி அவசியமா? எத்தனை லிட்டர் வேண்டும்?

ஆழியாற்றுக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆனைமலைக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில் கூட்டுக் குடும்பமாக ஒன்பது பேர் இருக்கிறோம். சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டி விருந்தினருக்காக நான்கு அறைகள் கட்டியிருப்பதால், வார இறுதியில் இருபது பேர் வரை குளிக்க வெந்நீர் வேண்டும். கட்டுத்தரையில் எட்டு மாடுகள் இருக்கின்றன. பால் கேன்களைக் கழுவவும் இரண்டு வேளை சுடுநீர் தேவைப்படுகிறது. பல ஆண்டுகளாகச் செப்புப் பாய்லரில் மட்டையும் பாளையும் எரித்துத்தான் காலத்தை ஓட்டினோம்.

சென்ற ஆண்டு கோவையில் ஒரு பட்டறையில், ஐரோப்பிய வீடுகளில் வைக்கும் மரவாயு பாய்லரைப் போல, விறகிலிருந்து பிரியும் வாயுவைத் தனி அறையில் எரிக்கும் ஒன்றைச் செய்து வாங்கினோம். திறன் 25 கிலோவாட் என்றார்கள். மேலே 100 லிட்டர் கொள்ளும் விறகு அறை, கீழே நெருப்புச் செங்கல் பதித்த இரண்டாவது அறை, இரண்டுக்கும் நடுவே ஒரு துவாரம், காற்றுக்கு ஒரு ப்ளோயர். சுற்றியுள்ள நீர்ச்சட்டையில் 90 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதிலிருந்து நேராகக் குளியலறைகளுக்குக் குழாய் கொடுத்துவிட்டார்கள்.

பற்றவைத்த அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் 85 டிகிரியைத் தொட்டு ப்ளோயர் நின்றுவிடுகிறது. அதன் பிறகு மேல் அறையில் விறகு மணிக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கிறது. கதவைத் திறந்தால் தார் வடிகிறது. நான்கே மாதத்தில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது. அத்தனை விறகு போட்டும் இரவு எட்டு மணிக்குக் குளிக்கப் போகிறவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் கிடைக்கிறது. தேக்கத் தொட்டி வைத்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். பாய்லரே கோளாறு என்று இன்னொருவர் சொல்கிறார். தொட்டிதான் தீர்வு என்றால் எத்தனை லிட்டர், எந்த உலோகம், எப்படி இணைப்பது என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பெருந்துறைப் பட்டறை எழுதியது:

வணக்கம் அண்ணா. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பாய்லரின் அடிப்படை அமைப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கு வேலை கொடுக்காமல் நிறுத்தி வைப்பதுதான் குறை. மேல் அறையில் சூடேறும் விறகிலிருந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் முதலிய வாயுக்கள் பிரிந்து, துவாரத்தின் வழியே கீழே இறங்கி, அங்கே தனியாக வந்து சேரும் இரண்டாம் காற்றோடு சேர்ந்து ஏறக்குறைய ஆயிரம் டிகிரி வெப்பத்தில் எரிய வேண்டும். முழு வேகத்தில் எரியும்வரை புகைபோக்கியில் புகையே கண்ணுக்குத் தெரியாது. ப்ளோயர் நின்ற மறுகணம் கீழ் அறை குளிரத் தொடங்குகிறது. மேலே விறகோ வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறது. எரிய வழியில்லாத அந்த வாயு குளிர்ந்த சுவரில் பட்டுத் தாராகப் படிகிறது. கேஸ் அடுப்பைப் போல இதைச் சிம்மில் வைக்க முடியாது. ஒரு முறை விறகு நிரப்பினால் அது எரிந்து முடியும்வரை வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் தொட்டி.

ஆகவே தொட்டியின் அளவை ஆள் கணக்கு வைத்து முடிவு செய்யக் கூடாது, விறகு அறையின் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நம் பக்கம் பலரும் தவறுவது இங்கேதான். உங்கள் 100 லிட்டர் அறையில் பிளந்து அடுக்கிய கருவேல விறகு சுமார் 25 கிலோ பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் மணி (மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் ஒரு கிலோவாட் மணி) வெப்பம் தரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு புகையோடு போனாலும் தண்ணீருக்கு 80 கிலோவாட் மணி வந்து சேரும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 கிலோவாட் மணி போதும். அப்படியானால் 1500 லிட்டர் தொட்டி 45 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏறும்போது 70 கிலோவாட் மணியை வாங்கிக்கொள்ளும். எரியும் நேரத்திலேயே நீங்கள் செலவழிக்கும் வெந்நீர் மீதத்தைச் சரிக்கட்டிவிடும். ஜெர்மனியில் கையால் விறகு போடும் பாய்லர்களுக்கு, விறகு அறையின் ஒவ்வொரு லிட்டருக்கும் 12 லிட்டர் தேக்கம், குறைந்தபட்சம் கிலோவாட்டுக்கு 55 லிட்டர் என்று அரசு விதியே இருக்கிறது. அந்தக் கணக்கில் உங்களுக்கு 1200 லிட்டரும் 1375 லிட்டரும் வருகின்றன. பெரியதை எடுத்துக்கொண்டால் நான் சொன்ன அளவுக்கு அருகில்தான் நிற்கிறது.

இப்போது உங்கள் செலவைப் பாருங்கள். இருபது பேருக்கு ஆளுக்கு 40 லிட்டர் வீதம் 42 டிகிரித் தண்ணீர் என்றால், 26 டிகிரியிலிருந்து சூடாக்க 15 கிலோவாட் மணி ஆகும். மாட்டுக் கொட்டகைக்கும் பாத்திரத்துக்கும் 200 லிட்டர் 60 டிகிரியில் என்றால் இன்னும் 8. ஆக, கூட்டம் நிறைந்த நாளிலேயே 23 கிலோவாட் மணிதான். ஒரு முறை பற்றவைத்தால் மூன்று நாளைக்கு ஓடும். குளிர்நாடுகளில் இதே பாய்லர் வீடு முழுவதையும் சூடாக்குவதால் தினமும் எரிகிறது. நம் ஊரில் குளிக்க மட்டும் என்பதால் 25 கிலோவாட் உங்களுக்கு மிகப் பெரிது. பட்டறைக்காரர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். வாங்கியாகிவிட்டது, தொட்டியைப் போட்டுச் சமாளிப்பதே வழி.

மூன்று நாள் வெப்பம் நிற்குமா என்று கேட்பீர்கள். தொட்டியைச் சுற்றி நான்கு அங்குலம் கிளாஸ் வுல் இடைவெளியில்லாமல் சுற்றி, மேல் மூடிக்கும் அடிக்கும் அதையே செய்து, அலுமினியத் தகடு போர்த்தினால் நாளொன்றுக்கு மூன்று டிகிரிக்கு மேல் இறங்காது. கால்களின் வழியாகவும் குழாய் இணைப்புகளின் வழியாகவும் போகும் வெப்பத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அங்கும் சுற்றுங்கள்.

இணைப்பில் இரண்டு காரியம் முக்கியம். முதலாவது, தொட்டியிலிருந்து பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே இருக்கக் கூடாது. அதற்குக் கீழே போனால் புகையிலுள்ள நீராவி உட்சுவரில் வியர்த்து, அமிலத்தோடு சேர்ந்து தகட்டை அரித்துவிடும். வெப்பத்தால் தானாக இயங்கும் மூன்று வழிக் கலப்பு வால்வு ஒன்றைப் பொருத்தினால், பாய்லரிலிருந்து வரும் சூடான தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பும் குழாயிலேயே கலந்துவிடும். இரண்டாவது, சூடான தண்ணீர் தொட்டியின் உச்சியில் மெதுவாக நுழைய வேண்டும், குளிர்ந்தது அடியிலிருந்து வெளியேற வேண்டும். தொட்டி உயரமாகவும் ஒடுக்கமாகவும் நின்றால் மேலே 80 டிகிரியும் கீழே 40 டிகிரியும் கலக்காமல் அடுக்காக நிற்கும். பாதித் தொட்டி சூடானாலே குளிக்கத் தொடங்கிவிடலாம். படுக்கைத் தொட்டியில் எல்லாம் கலந்து 60 டிகிரியில் வெதுவெதுப்பாகக் கிடக்கும். உங்கள் பாய்லருக்கு 20 டிகிரி வித்தியாசத்தில் நிமிடத்துக்கு 18 லிட்டர் ஓட்டம் போதும். பெரிய பம்பைப் போட்டு அடுக்கைக் கலக்கிவிடாதீர்கள்.

காங்கேயம் களத்துக்காரர் எழுதியது:

மேலே எழுதியவர் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார். விறகைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஆனைமலைப் பக்கம் தோப்பில் கிடைப்பதெல்லாம் மட்டையும் பன்னாடையும் உரிமட்டையும்தான். அவற்றில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம்; வாயு பாய்லரில் போட்டால் சாம்பல் உருகிக் கட்டியாகித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு கலந்து போடலாமே தவிர அதையே நம்பக் கூடாது. சிரட்டை நன்றாக எரியும். ஆனால் கரிக்குப் போகும் பொருளை எரிப்பது கையிலிருக்கும் காசை எரிப்பதுதான். சீமைக்கருவேலோ வெள்வேலோ வாங்கி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, மேலே மட்டும் கூரை போட்டுப் பக்கவாட்டில் காற்றாட அடுக்குங்கள். ஆடிக் காற்று செய்கிற வேலையை எந்த உலர்த்தியும் செய்யாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வராத விறகைப் போட்டால் தொட்டி எத்தனை பெரிதாக இருந்தாலும் தார் வடியத்தான் செய்யும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சூரிய வெந்நீர்க் கருவியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். உங்களுக்கோ பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழை மேகம் வந்து மூடிவிடும். மற்ற மாதங்களில் சூரியனும் மழைக்காலத்தில் பாய்லரும் என்று ஒரே தொட்டிக்கு இரண்டையும் கொடுத்தால் பாதி ஆண்டுக்கு விறகைத் தொடவே வேண்டாம். அதற்கான இணைப்பு வாயை இப்போதே தொட்டியின் கீழ்ப்பகுதியில் வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். பிறகு ஓட்டை போடுவது தொல்லை.

தாராபுரம் தாத்தா எழுதியது:

எண்பது கிலோவாட், மூன்று வழி வால்வு என்றெல்லாம் படிக்கத் தலை சுற்றுகிறது. ஒன்பது பேருக்கு ஒரு செப்புப் பாய்லர் போதும் தம்பி. விருந்தினர் வரும் நாளில் இரண்டாவதாக ஒன்றைப் பற்றவைக்கலாம். இத்தனை செலவு செய்து எதை மிச்சப்படுத்துகிறீர்கள் என்பதையும் யாராவது எழுதினால் நன்றாயிருக்கும்.

ஆழியாற்றுக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாத்தா கேட்பது நியாயமான கேள்விதான். முன்பு காலை நான்கரைக்கு எழுந்து என் மனைவியும் அம்மாவும் மாறி மாறி அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதினார்கள். அம்மாவுக்கு இப்போது புகை ஆகாது. அந்த வேலையைக் குறைக்கத்தான் இந்த இயந்திரத்தையே வாங்கினேன். மூன்று நாளைக்கு ஒரு முறை பற்றவைத்தால் போதும் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், சாயப்பட்டறையிலிருந்து வந்த எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) தொட்டி ஒன்று நிற்கிறது. 1500 லிட்டர், நிற்கும் தொட்டிதான். வாங்கலாமா? கூரையில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியையே பயன்படுத்தலாம் என்கிறான் தம்பி. எங்கள் போர்த் தண்ணீர் கடுமையான உப்புத் தண்ணீர். மின்சாரமும் அடிக்கடி போகும்.

பெருந்துறைப் பட்டறை எழுதியது:

பிளாஸ்டிக் தொட்டி வேண்டவே வேண்டாம். 80 டிகிரித் தண்ணீரின் எடையைத் தாங்காமல் அது இளகிப் பிதுங்கும். ஒன்றரை டன் கொதிநீர் வீட்டின் மேல் கொட்டினால் என்ன ஆகும் என்று தம்பியிடம் கேளுங்கள்.

எஸ்.எஸ். தொட்டியைப் பற்றி நான் தயங்குவதற்குக் காரணம் உங்கள் உப்புத் தண்ணீர். குளோரைடு மிகுந்த சூடான தண்ணீரில் 304 தகடு வெல்டிங் ஓரங்களில் ஊசித்துளையாக ஓட்டை விழும். எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகடோ உப்பையும் காற்றையும் நிறுத்தாமல் புதிது புதிதாகக் கொடுத்தால்தான் துருப்பிடிக்கும். எனவே எந்தத் தொட்டியானாலும் பாய்லரும் தொட்டியும் ஒரே தண்ணீரைச் சுழற்றிக்கொள்ளும் தனிச் சுற்றாக வையுங்கள். மழைநீரையோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ ஒரு முறை நிரப்பினால் போதும். அதிலுள்ள பிராணவாயு சில நாளில் தீர்ந்து அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். குளிக்கும் தண்ணீர் அதில் கலக்கவே கூடாது. அது வெளியே ஒரு தட்டு வெப்பமாற்றியின் (இரண்டு தண்ணீரும் கலக்காமல் மெல்லிய தகடுகள் வழியே வெப்பத்தை மட்டும் கடத்தும் பெட்டி) வழியாக ஓடும்போது சூடாகிக் குழாய்க்குப் போகட்டும். சுண்ணாம்பு படியத்தான் செய்யும். ஆனால் படிகிற இடம் கழற்றி, நீர்த்த அமிலம் ஊற்றிக் கழுவக்கூடிய சிறிய பெட்டியாக இருக்கும். வெப்பமாற்றிக்குப் பிறகு, குளியலறைக்குப் போகும் குழாயில் 45 டிகிரிக்கு மேல் விடாத கலப்பு வால்வு ஒன்று கட்டாயம். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். விருந்தினரின் குழந்தைகளுக்கு உங்கள் தொட்டியின் சூடு தெரியாது.

இப்படி வைத்தால் உக்கடத்துத் தொட்டியையே வாங்கலாம். சாயப்பட்டறைத் தொட்டி என்பதால் உள்ளே இறங்கி வெல்டிங் ஓரங்களை விளக்கடித்துப் பார்த்து, தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் நிற்கவைத்துக் கசிவில்லை என்று உறுதியான பிறகே பணத்தைக் கொடுங்கள். அடியில் காங்கிரீட் மேடை இல்லாமல் வைக்காதீர்கள்.

மின்சாரம் போய்ப் பம்ப் நின்றால் பாய்லரில் அழுத்தம் ஏறாமல் இருக்க, சுற்றை மூடியதாக வைக்காமல் மேலே காற்றுக்குத் திறந்ததாகவே வையுங்கள். தொட்டியிலும் பாய்லரிலும் சேர்த்து ஏறக்குறைய 1600 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏறினால் 54 லிட்டர் அளவுக்குப் பெருகும். அதை ஏற்க, தொட்டியைவிட உயரத்தில் நூறு லிட்டர் கொள்ளும் ஒரு விரிவுத் தொட்டி வேண்டும். கூரைத் தொட்டியைப் பார்த்தே ஆசைப்பட்டுவிட்டான் உங்கள் தம்பி. இதையும் பிளாஸ்டிக்கில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பான். வேண்டாம், இதுவும் உலோகம்தான். பாய்லரின் உச்சியிலிருந்து அதற்குப் போகும் ஒரு அங்குலக் குழாயில் யார் என்ன சொன்னாலும் வால்வு போடாதீர்கள். பட்டறையில் வசதிக்காக ஒன்றைப் போட்டு வைப்பார்கள். யாரோ ஒருவர் மூடிவிட்டுப் போவார், அன்றைக்குப் பாய்லர் வெடிகுண்டாகிவிடும். பம்ப் நூறு வாட்டுக்குள்தான் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரிலேயே சேர்த்துவிடலாம். ப்ளோயரைச் சேர்க்க வேண்டாம், மின்சாரம் இல்லாதபோது நெருப்பு தணிவதே நல்லது.

ஆழியாற்றுக்கரை எழுதியது:

புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை உக்கடம் போய்த் தொட்டியைப் பார்க்கிறேன். இப்போதிருக்கும் இணைப்பில் விரிவுக் குழாயில் உண்மையிலேயே ஒரு வால்வு இருக்கிறது. படித்ததும் போய்ப் பார்த்தேன், நல்லவேளை திறந்திருந்தது. இன்று மாலையே பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன்.