முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, தெரபி செலவுக்கு என்ன வழி?

வீரவநல்லூர் அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் கை கால் சரியாக இயங்காமல் போவது, என்று டாக்டர் எழுதியிருக்கிறார். வலது கையும் காலும் விறைப்பு. குதிகால் தரையில் பாவாது, விரல் நுனியில்தான் நிற்பான். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். அவன் அப்பா கொத்தனாருக்குக் கையாள்.

வாரம் இரண்டு நாள் காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் அவனைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி போய் பிசியோதெரபி பார்க்கிறோம். ஒரு தடவைக்கு 300 ரூபாய். வலிப்பு மருந்து தனி. காலுக்குப் போடும் ஸ்பிலிண்ட் அவன் வளர வளரச் சின்னதாகிவிடுகிறது. போன மாதம் கணுக்காலில் கொப்புளம் வந்த பிறகுதான் கவனித்தேன். அவனுக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, காலை இழுத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தெரபி பார்க்கும் இடத்தில் காட்டினேன். "பெட்ல சேத்தாத்தாம்மா இது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நிராமயா என்று ஒன்று இருப்பதாகத் தெரபிக்கு வரும் இன்னொரு அம்மா சொன்னார். அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும்? இந்த அட்டை இருந்தால் அது கிடைக்காதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை அப்பா:

தங்கச்சி, என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. அறிவுசார் குறைபாடு. அவளுக்கு இரண்டு அட்டையும் இருக்கிறது, அதனால் பயப்படாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

முதலமைச்சர் காப்பீடு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் வீடுகளுக்கு. ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கிற பெரிய வைத்தியம், இதற்குத்தான் அது. அதைத் தொலைத்துவிடாதீர்கள், நாளைக்கே காலில் ஆபரேஷன் என்று சொன்னால் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும். ஆனால் வாரா வாரம் போகிற தெரபிக்கு அது உதவாது. நம்மை மாதிரி வீடுகளைக் கரைப்பது அந்த வாராந்தரச் செலவுதான்.

நிராமயா, நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் காப்பீட்டுத் திட்டம். அந்த அமைப்புக்கான 1999 சட்டப்படி ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் உண்டு. வருடம் 1 லட்சம் வரை. வயது வரம்பு கிடையாது, சேரும்போது மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. பிறவியிலேயே இருக்கிறது என்று தள்ளிவிட மாட்டார்கள், அதற்காகவே வந்த காப்பீடு இது. வெளிநோயாளியாகப் பார்ப்பது, மருந்து, டெஸ்ட், தெரபி, போக்குவரத்து வரைக்கும் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனி உச்சவரம்பு உண்டு. லட்சம் முழுவதும் தெரபிக்குக் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் முதல் தடவை 250 ரூபாய், அப்புறம் புதுப்பிக்க 50. நாங்கள் அதில் வரவில்லை, முதலில் 500 கட்டினோம், இப்போது வருடா வருடம் 250. மார்ச் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். நடுவில் சேர்ந்தாலும் அந்த மார்ச்சோடு முடிந்துவிடும்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. பணத்தை முதலில் நாம் போட்டு, பில் அனுப்பி, பிறகு திரும்ப வாங்க வேண்டும். கூலிக்குப் போகிற வீட்டில் முதலில் போட எங்கே போவார்கள்? இதை மாற்றியே ஆக வேண்டும்.

நான் முதல் வருடம் பட்டதைச் சொல்கிறேன். மருந்துக்கடை பில்லையெல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்தேன். நாலு மாதம் கழித்து எடுத்தால் பாதி வெள்ளைத் தாள். அந்த வழுவழு பேப்பரில் அடித்த எழுத்து சூட்டில் அழிந்துவிடுகிறது. மீதிப் பில்லுக்கு டாக்டர் சீட்டில் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 3,800 ரூபாய் போனது. அன்றிலிருந்து பில் வாங்கின அன்றைக்கே ஜெராக்ஸ். தெரபிக்கும் ரசீது எண், தேதி, பையன் பெயர், அவர்கள் முத்திரை எல்லாம் கேட்டு வாங்குங்கள். துண்டுச்சீட்டில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

அம்பை அக்கா:

அண்ணாச்சி சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி தரும் ஆரம்பகட்ட இடையீட்டு மையத்தில் பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள். கூட்டம் இருக்கும், உட்கார வேண்டியிருக்கும். ஆனாலும் வாரம் இரண்டில் ஒன்றையாவது அங்கே மாற்றினால் மாதம் 1,200 ரூபாய் மிச்சம்.

அப்புறம், உதவித்தொகை வருகிறதா? கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மனு கொடுக்கிற கூட்டத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

வீரவநல்லூர் அம்மா:

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. அடையாள அட்டை இருக்கிறது, உதவித்தொகைக்கு எழுதிப் போடவில்லை. யாருமே சொல்லவில்லை. நிராமயாவுக்கு நானே போனில் போட முடியுமா, இல்லை யாரிடமாவது போக வேண்டுமா?

பாளையங்கோட்டை அப்பா:

நேஷனல் டிரஸ்டில் பதிவு செய்த அமைப்புகள் மூலமாகப் போடுவதுதான் சுலபம். சிறப்புப் பள்ளி நடத்துபவர்கள், பெற்றோர் சங்கங்கள் பலர் செய்கிறார்கள். நல அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் யார் என்று சொல்வார்கள். ஊனச் சான்று, ஆதார், முகவரிச் சான்று, வங்கிப் பாஸ்புக், வறுமைக் கோட்டுச் சான்று, பையன் போட்டோ கொண்டு போங்கள். பாஸ்புக் நகலில் கணக்கு எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, தங்கச்சி. புது ஸ்பிலிண்ட் போட்டால் முதல் வாரம் தினமும் கழற்றிப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அன்றைக்கே தெரபிஸ்டிடம் காட்டுங்கள்.