மாலை போட்டா நிக்குது, கழட்டுனா திரும்ப ஆரம்பிச்சிடுது. என்ன பண்றது?

ஆதம்பாக்கத்தான்:
வணக்கம் பாஸ். வயசு 38, கிண்டி எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில லேத் வேலை. குடி பத்து பன்னண்டு வருஷமா இருக்கு, மொதல்ல சனிக்கிழமை கட்டிங், அப்புறம் தினம் ஒரு குவார்ட்டர், இப்போ சில நாள் ரெண்டு கூட ஆகுது. நாலு வருஷமா கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடுறேன், மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன், சத்தியமா. மாலை கழட்டுன அன்னிக்கு ராத்திரியே ஃபிரெண்டு வண்டி எடுத்துட்டு வந்து நிப்பான், அவ்ளோதான். காந்தி ஜெயந்திக்கு கடை லீவுன்னா முந்தின நாளே ரெண்டு வாங்கி இபி மீட்டர் பாக்ஸுக்கு மேல சொருகி வச்சிடுவேன், அந்த அளவுக்கு ஆயிடுச்சு.

இப்போ காலைல கை நடுங்குது. வெர்னியர் புடிச்சா அளவு எடுக்க முடியல, போன வாரம் மூணு ஜாப் ரிஜெக்ட். அதவிட பெருசு ஒண்ணு இருக்கு. வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு வோட்காவ பையனோட பழைய வாட்டர் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன். திங்கக்கிழமை அவன் அத எடுத்து ஸ்கூல் பேக்ல போட்டுட்டான். வாசல்ல ஷூ மாட்டும்போது பார்த்து புடுங்கிட்டேன், ஏன்பா புடுங்குறன்னு அழுதான். வைஃப்புக்கு இன்னும் தெரியாது. அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல. நாளைலேர்ந்து ஒரேயடியா நிறுத்திடலாம்னு இருக்கேன், கார்த்திகை வரைக்கும் காத்திருக்க முடியாது. மாலை இல்லாம தாக்குப் பிடிக்க வழி இருந்தா சொல்லுங்க. அட்வைஸ் வேணாம், அது வீட்லயே நிறைய கிடைக்குது.

கெத்து_குமார்:
மனசு வச்சா முடியும் ப்ரோ. நான் ஒரே நாள்ல விட்டேன், டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. மோர் குடிங்க, வாக்கிங் போங்க.

வார்டு_சிஸ்டர்:
குமார் தம்பி, நீங்க விட்டது சந்தோஷம், ஆனா இவருக்கு காலைலயே கை ஆடுது, இவர்கிட்ட போய் மோர் குடிங்கன்னு சொல்லாதீங்க. நான் குடிநோய் வார்டுல 9 வருஷம் வேலை பார்த்தவ. தினம் குடிச்ச உடம்பு சடன்னா நிறுத்துனா கடைசி கிளாஸ்லேர்ந்து ஆறு எட்டு மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை, வாந்தி ஆரம்பிக்கும். சிலருக்கு ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரும். ரெண்டு மூணு நாள் கழிச்சு சிலர் குழம்பிப் போயிடுவாங்க, இல்லாத பூச்சி ஊருதுன்னு செவுத்தத் தட்டிக்கிட்டு நிப்பாங்க, உயிருக்கே ஆபத்து அது. மாலை போட்ட மறுநாள் கன்னிச்சாமிய வலிப்போட தூக்கிட்டு வந்ததெல்லாம் பார்த்திருக்கேன். போன வருஷம் உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா இந்த வருஷமும் ஆகாதுன்னு அர்த்தம் இல்ல, இப்ப அளவு ஏறியிருக்கு.

பயப்படாதீங்க, இதுக்கு மருந்து இருக்கு. நடுக்கத்த அடக்குற மாத்திரைய மொதல்ல கூடுதலா குடுத்து அஞ்சாறு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க, பி1 விட்டமின் ஊசி போடுவாங்க. தெருமுனை கிளினிக்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா சரியாயிடும்னு போறாங்க பாருங்க, அது தப்பு, பி1 போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்துனா மூளைக்கே பாதிப்பு வரலாம். மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கியும் போடாதீங்க, அதுவே இன்னொரு பழக்கமாயிடும். டாக்டரப் பார்க்குற வரைக்கும் சடன்னா நிறுத்த வேணாம், ஆனா பார்க்குறத தள்ளிப் போடாதீங்க.

கவர்மெண்ட்ல கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு, ஜிஎச்ல மனநல ஓபி இருக்கு. அடையாறு இந்திரா நகர்ல டிடிகே ஆஸ்பத்திரி, சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்சது, அங்க வீட்டாளுங்களையும் உக்கார வச்சு பேசுவாங்க. எங்க போறதுன்னே புரியலன்னா கவர்மெண்ட்டோட போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446க்கு அடிங்க, காசு இல்ல. 104லயும் கேக்கலாம்.

சைதை_அண்ணன்:
தம்பி, சிஸ்டர் சொன்னது உடம்புக்கு. மாலை ஏன் வேலை செஞ்சுதுன்னு நீ யோசிச்சியா? மாலை போட்ட நிமிஷத்துலேர்ந்து எல்லாரும் உன்ன சாமின்னு கூப்பிடுறான். டீக்கடைக்காரர் தனி டம்ளர்ல தர்றாரு. பார் வாசல்ல நின்னா சைட் டிஷ் விக்கிறவனே சாமி உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு துரத்துவான். அத்தன நாள் நீ தனியா நிறுத்தல தம்பி, தெருவே சேர்ந்து உன்ன நிறுத்திச்சு. கழட்டுன அன்னிக்கு அந்த தெரு மொத்தமும் காணாமப் போச்சு, வண்டி எடுத்துட்டு வந்த ஃபிரெண்டு மட்டும்தான் நின்னான்.

எனக்கு அந்த தெரு ஏ.ஏ.ல கிடைச்சுது, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம். 1935ல அமெரிக்கால ரெண்டு குடிகாரங்க, ஒருத்தர் ஷேர் புரோக்கர் இன்னொருத்தர் டாக்டர், சேர்ந்து ஆரம்பிச்சது. ஃபீஸ் கிடையாது, மதமும் கிடையாது, கடவுள்னு சொல்வாங்க ஆனா அவங்கவங்களுக்குப் புரிஞ்ச மாதிரின்னு விட்டுடுவாங்க. நம்ம ஊர்ல சர்ச் ஹால்லயும் ஸ்கூல் ரூம்லயும் தமிழ்லயே நடக்குது. நான் மொத நாள் ஹெல்மெட்ட கழட்டாம வாசல்ல அரை மணி நேரம் நின்னேன், தெரிஞ்சவன் எவனாவது பார்த்துடுவான்னு. உள்ள போனா எங்க ஏரியா கறிக்கடைக்காரர் உக்காந்திருக்காரு! அவர்தான் இன்னிக்கு எனக்கு ஸ்பான்சர், அதாவது கூட நின்னு வழி காட்டுறவர், ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணாலும் எடுப்பாரு. ஆறு வருஷம் ஆச்சு. நடுவுல ஒருதடவ வழுக்குனேன், மச்சான் கல்யாணத்துல. மறுநாள் போய் சொன்னேன், ஒருத்தரும் திட்டல, ஒரு நாளுன்னு மறுபடி எண்ண ஆரம்பிச்சேன்.

பாக்கெட்ல கடலைமிட்டாய் வச்சுக்கோ, சாயங்காலம் ஆறு மணி பசிதான் பாதி ஆள கடைக்கு இழுக்குது. வீட்டுக்கு வர்ற ரூட்ட மாத்து. அந்த ஃபிரெண்டுகிட்ட வயித்துல புண்ணுன்னு பொய் சொல்லாத, புண்ணு ஆறிடுச்சான்னு பத்து நாள்ல கேப்பான்.

கொரட்டூர்_அக்கா:
என் வீட்டுக்காரர் குடிச்சவர். அவருக்குத் தெரியாம குடிய நிறுத்தலாம்னு எலக்ட்ரிக் டிரெயின்ல ஒட்டியிருப்பாங்களே, அந்த நம்பருக்கு அடிச்சு பொடி வாங்கி குழம்புல கலந்தேன். அன்னிக்கு ராத்திரி குடிச்சிட்டு வந்து மூஞ்சி செவந்து வாந்தி எடுத்து பிபி இறங்கி ஆட்டோல தூக்கிட்டு ஓடினேன். குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மாத்திரை நிஜமாவே இருக்கு, டாக்டர் பார்த்து, குடிக்கிறவருக்கே தெரிஞ்சு சம்மதிச்சாதான் குடுக்கணும்னு அங்க என்னைத் திட்டினாங்க. அதனால தம்பி, உங்க வைஃப் பயத்துல இந்த மாதிரி எதுலயாவது இறங்குறதுக்கு முன்னாடி வாட்டர் பாட்டில் விஷயத்த நீங்களே சொல்லிடுங்க. குடும்பத்துக்குன்னு அல்-அனான்னு தனி கூட்டம் இருக்கு, அவங்களையும் அனுப்புங்க. அவர் பாக்கெட்ட மோந்து பார்க்குறத நான் விட்டதே அங்க போனப்புறம்தான்.

ஆதம்பாக்கத்தான்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி வைஃப்கிட்ட சொன்னேன். கத்துவான்னு நினைச்சேன், எழுந்து போய் அந்த பாட்டில குப்பைல போட்டுட்டு வந்து உக்காந்தா, ரொம்ப நேரம் பேசவே இல்ல. காலைல அவளே 14446க்கு அடிச்சு விசாரிச்சா. வியாழக்கிழமை ஓபி, அவளும் லீவு போட்டு வர்றா. மீட்டர் பாக்ஸ் மேல இருந்ததையும் காட்டிட்டேன்.

சைதை அண்ணா, மீட்டிங்ல எழுந்து நின்னு பேசியே ஆகணுமா? எனக்கு நாலு பேர் முன்னாடி வாயே வராது.

சைதை_அண்ணன்:
வேணாம் தம்பி. பின்னாடி வரிசைல உக்காரு, முழுப் பேர் கூட கேக்க மாட்டாங்க. நான் மூணு மாசம் டீ ஊத்திக் குடுத்துட்டு மட்டும் வந்தேன். மொதல்ல ஆஸ்பத்திரி வேலைய முடி, அப்புறம் இங்க ஒரு மெசேஜ் போடு, நானே கிண்டிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்.