கடிகாரம் வேண்டாம், வேளை இருக்கிறது

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

'சர்க்காடியன் ரிதம்' (உடல் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் உள் ஒழுங்கு) என்பதற்குக் குழுவில் ஐயா முன்வைத்த 'உயிரியல் கடிகாரச் சீரிசைவு' என்ற சொல்லை இரண்டு நாட்களாக மென்று பார்த்தேன், விழுங்க முடியவில்லை. பாடநூலில் நிற்கும், சர்க்கரை நோயாளியிடம் சொல்ல ஆகுமா?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் என் சித்தப்பா பால் வெட்டுகிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பார். முன்பு ஏழு மணிக்கு முடிந்த அத்தாழம் (இரவுச் சாப்பாடு) இப்போது தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பிறகுதான்: மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். "எப்போது தின்றால் என்ன, கிழங்கு ஒன்றுதானே?" என்றார். "வேளை தப்புகிறது சித்தப்பா" என்றேன். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

நமக்கு வேண்டிய சொல் அதுதான். 'மூன்று வேளை சாப்பாடு' என்கிறோம். பொழுதும் வேளை, உணவும் வேளை. மூளையின் கடிகாரத்தை வெளிச்சம் திருத்துகிறது. கல்லீரலின் கடிகாரத்தை முக்கியமாக உணவு நேரம் திருத்துகிறது. காலையில் தின்ற அதே அளவு சோற்றை இரவில் தின்றால் பொதுவாக இரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும். பொழுதையும் உணவையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கும் மொழியில் கடிகாரத்தை எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

அறிவியலாளர் ஹால்பெர்க் 1959இல் ஆக்கிய 'சர்க்காடியன்' என்ற சொல்லில் 'சர்க்கா' என்றால் ஏறத்தாழ. அது விட்டுப்போகிறதே என்பார்கள். போகவில்லை. மணிதான் பிசகாதது, வேளை நெகிழும். மனித உடலின் சுற்றும் 24 மணிக்குச் சற்றுக் கூடுதல்தானே.

முதலில் 'உடல்வேளை' என்றுதான் எழுதினேன். ஆனால் 1729இல் பிரெஞ்சு அறிவியலாளர் தெ மெரான் இருட்டில் வைத்த தொட்டாற்சிணுங்கி வகைச் செடியும் பகல் வந்ததும் இலை விரித்தது. வெளிச்சமே இல்லாமல் உள்ளிருந்து எழுவது என்பதால் 'அகவேளை' என்கிறேன். உண்ணும் நேரத்தை இதோடு சேர்த்துப் பார்க்கும் உணவியல் துறைக்கு 'அகவேளை உணவியல்', ஒழுங்கு குலைந்தால் 'அகவேளைப் பிறழ்வு'. (வேளை என்றொரு கீரையும் உண்டு. குழப்பம் வராது, நோயாளி கீரை தின்றாலும் நல்லதே.)

'ட்சைட்கேபர்' மட்டும் பாக்கி: வெளிச்சம், உணவு போல வெளியிலிருந்து வரும் குறி. 'வேளைகாட்டி' என்றால் நாள்காட்டியின் தங்கை போல ஒலிக்கிறது. அது காட்டுவதோடு நிற்காமல் திருத்தவும் செய்கிறது. ஆகவே 'வேளைதிருத்தி' என்பேன். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.