முதன்முறையாகத் தனியே வரும் அம்மா: சாங்கியில் குடிநுழைவுச் சோதனை எப்படி இருக்கும்?

கேள்வி: பொங்கோல் வாசகி

வணக்கம். அடுத்த மாதம் எனக்குத் தலைப்பிரசவம். துணைக்கு இருப்பதற்காக என் அம்மா திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாக வருகிறார். 62 வயதாகும் அவர் இதுவரை விமானம் ஏறியதில்லை; தமிழைத் தவிர வேறு மொழியும் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்குப் பலமுறை வந்துபோகும் விசா கிடைத்திருப்பதால், மூன்று மாதங்கள் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறோம். நுழைவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை ஊரிலுள்ள பயண முகவரே நிரப்பித் தருவதாகச் சொல்கிறார். அவரிடமே விட்டுவிடலாமா? அதிகாரிகள் கேள்வி கேட்டால் அம்மா திணறிவிடுவாரோ என்ற கவலை என்னை உறங்கவிடவில்லை.

பதில் 1: ஈசூன்வாசி

வாழ்த்துகள், தங்கையே. முதலில் ஒரு திருத்தம். விசாவின் காலம் வேறு, தங்கும் காலம் வேறு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை வந்திறங்கும்போது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையமே முடிவு செய்கிறது. முன்போல் கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை; தங்கக்கூடிய கடைசித் தேதி குறிக்கப்பட்ட மின்னணு வருகை அனுமதி, வருகை அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கு வரும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பெற்றோர் வந்தபோது, ஊரிலிருந்த முகவர் ஒருவர் தம்முடைய மின்னஞ்சலையே அட்டையில் எழுதிவிட்டார். அனுமதி அவருக்குப் போனது. அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. நாங்களும் இரண்டு மாதம் இருக்கலாம் என்று நம்பியிருந்தோம். இருபத்தேழாம் நாள் ஏதோ உறுத்த, ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்தபோதுதான் 30 நாளே வழங்கப்பட்டிருந்தது தெரிந்தது. கூடுதல் நாள் தங்குவது இங்கே குற்றம் என்பதால், அன்றிரவே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம்.

ஆகவே அட்டையை நீங்களே நிரப்பி, உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். ஆணையத்தின் தளத்தில் இதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் விலகிவிடுங்கள்.

பதில் 2: தேக்கா அக்கா

என் மாமியார் வந்த அனுபவத்தைச் சொல்கிறேன். இப்போது முதன்முறை வரும் வெளிநாட்டவரும், அதிகாரிக்குப் பதில் இயந்திரமே அடையாளம் பார்த்துக் கதவைத் திறக்கும் தானியக்கத் தடத்தைப் பயன்படுத்தலாம். அவர் நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டவர். கைரேகை தேய்ந்திருக்குமே, இயந்திரம் ஏற்குமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் இங்கே முகமும் கருவிழியுமே முதன்மை அடையாளங்கள். மாமியார் முக்காட்டையும் கண்ணாடியையும் கழற்றாமல் நின்றதால் கதவு திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஊழியர் முகப்புக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த அதிகாரி தமிழிலேயே, “யாரைப் பார்க்க வந்தீங்க, எங்க தங்கப் போறீங்க?” என்று இரண்டே கேள்விகள் கேட்டு அனுப்பிவிட்டார். எல்லா முகப்பிலும் தமிழ் தெரிந்தவர் அமைவார் என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் பயணச்சீட்டு, பிரசவத் தேதி குறித்த மருத்துவரின் கடிதம் ஆகியவற்றை அச்சிட்டு ஓர் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். மடித்துப் பெட்டிக்குள் வைத்தால், பெட்டி கைக்கு வருவது சோதனை முடிந்த பிறகுதான்.

பதில் 3: உட்லண்ட்ஸ் பயணி

கடப்பிதழ் எண்ணைக் கவனமாகத் தட்டச்சு செய்யுங்கள். இந்தியக் கடப்பிதழில் பொதுவாக முதலில் ஓர் ஆங்கில எழுத்தும், அதன்பின் ஏழு இலக்கங்களும் இருக்கும்; ஆகவே நடுவில் வட்டமாகத் தெரிவது பூச்சியமே, எழுத்து அன்று. இன்னொன்று: அம்மா வெற்றிலை போடுபவராக இருந்தால் மெல்லும் புகையிலையை ஊரிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். அது இங்கே தடை செய்யப்பட்ட பொருள்.

கேள்வி கேட்டவர்: பொங்கோல் வாசகி

மூவருக்கும் நன்றி. அம்மா நேற்றுக் காலை நலமாக வந்து சேர்ந்தார். கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று தொலைபேசியில் மூன்று முறை சொல்லியிருந்தேன். கதவு முதல் முறையிலேயே திறந்ததாம். அனுமதி என் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது, 30 நாள்தான். கடைசித் தேதியைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்; நீட்டிப்புக்கு அடுத்த வாரமே விண்ணப்பிக்கிறோம்.